கானோரத்தில் கட்டியிருந்த சாக்குத் துண்டு

எங்கள் கடையில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோவை நிறுத்திவிட்டு நாணல் தண்டைக் கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் நான்தான் பொறுப்பு என்றால், அந்த யோசனையின் பெருமையும் எனக்கே இருக்கட்டும்.

கடை கண்டியில், வாவிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கீழே சோறும் கொத்துரொட்டியும், மேல்மாடியில் ஜூஸும் ஃபலூடாவும். முதலாளி கண்டி முஸ்லிம். 'இருந்த' என்பதை அவர்கள் 'ஈந்த' என்பார்கள், 'இருக்காது' என்பதை 'ஈக்காது' என்பார்கள். கடை அவருடைய வாப்பா காலத்தில் தொடங்கியது. மேல்மாடி என் பொறுப்பு. மூன்று மொழியிலும் பேசவும் எழுதவும் தெரிந்த பிள்ளை வேண்டும் என்று தேடித்தான் என்னை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். தேயிலை நட்ட இடத்தை எங்கள் பக்கத்தில் மலை என்போம். அந்த மலைக்கு என்னை அவர் ஒருநாளும் விட்டதில்லை. பள்ளி விடுமுறையில் விளையாட்டாகப் பின்னால் போனால்கூடக் கல்லை எடுத்து வீசுவதுபோல் கையை ஓங்கித் திருப்பி விரட்டுவார். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் ரோடு எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலை தெரியாது.

பிளாஸ்டிக் ஸ்ட்ரோ விற்கக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது கண்டியில் பல கடைகள் காகித ஸ்ட்ரோவுக்கு மாறின. நாங்களும் மாறினோம். ஃபலூடாவில் போட்டால் பாதிக் கிளாஸ் குடிப்பதற்குள் அது கூழாகிவிடும். ஒரு பெரியவர் வாய்க்குள் வந்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்து, இதையும் விழுங்க வேண்டுமா என்று கேட்டார். அடுத்து எவர்சில்வர் ஸ்ட்ரோ வாங்கினோம். உள்ளே கழுவியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் அதை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். அலுத்துப்போன முதலாளி, மிச்சம் கிடந்த பழைய பிளாஸ்டிக் பெட்டிகளைத் திறக்கலாமா என்று யோசித்தார். நான் விடவில்லை. எங்கள் ஸ்ட்ரோவில் சிவப்புக் கோடு இருக்கும். மழைக்குப் பிறகு வாவியின் மதகில் சிவப்புக் கோடு போட்ட ஸ்ட்ரோக்கள் கொத்தாக அடைத்துக் கிடந்ததை வேலைக்கு வரும் வழியில் நான் பார்த்திருக்கிறேன். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவை யாருடையவை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்து ஓடைக்கரையில் நாணல் வளர்கிறது. உள்ளே வெற்றுக் குழல். சின்ன வயதில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அதை வாயில் வைத்து உறிஞ்சுவோம். அம்மாவும் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சித்தியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெட்டி, கணு நீக்கி, கட்டாகக் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். கடைக் குசினியில் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைப்போம். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். நான் மூன்று மொழியில் ஒரு அறிவித்தல் எழுதி மாடிப்படிக்கு நேரே மாட்டினேன். மலையகத்துப் பெண்கள் கையால் வெட்டியது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் தீங்கில்லாதது என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு நாளும் படியேறும்போது அதை ஒருமுறை வாசிப்பேன்.

யானை ஊர்வலத் திருவிழாவான பெரஹரா வந்தது. கண்டி நிரம்பி வழிந்தது. ஒரு வாரத்துக்கான நாணல் இரண்டே நாளில் முடிந்தது. அந்த ஞாயிறு அம்மாவும் சித்தியும் அடுத்த டிவிஷனில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானே போய் வெட்டினேன். ஓடைக்கரையில் தடியான நாணல் எல்லாம் தீர்ந்திருந்தது. கொஞ்சம் மேலே, மலைக்குள் வெட்டியிருந்த கானோரத்தில் நல்ல நாணல் நின்றது. மலையில் தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம். அங்கே போனேன். தடுக்க யாரும் இல்லை.

கட்டுவதற்குக் கயிறு கொண்டுபோக மறந்திருந்தேன். கானின் ஓரம் நெடுகிலும் இடைக்கிடை குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலும் வெள்ளை உரச்சாக்கில் கிழித்த துண்டு ஒன்று கட்டியிருந்தது. தோட்டத்தில் உரச்சாக்கு இல்லாத இடமில்லை. கோழிக்கூட்டுக்குக் கூரையும் அதுதான், கால் மிதியும் அதுதான். யாரோ எதற்கோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தத் துண்டுகளை அவிழ்த்து நாணலைக் கட்டினேன். நான்கு கட்டுக்கு நான்கு துண்டு. மிச்சமிருந்த இரண்டையும் எதற்கும் இருக்கட்டும் என்று அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா வருமுன் பஸ் ஏறிவிட்டேன்.

திங்கள் அவித்தோம். வெயில் நன்றாக இருந்தது. புதன் காலை, வழக்கம்போல் முதல் தண்டில் நானே தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கொஞ்சம் கசந்தது. மஞ்சள் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

புதன் பகல் இரண்டு மணிக்கு அம்மா எனக்குப் போன் எடுத்தார். வேலை நேரத்தில் அவர் எடுப்பதில்லை. பின்னால் பெண்கள் சத்தமாகப் பேசுவது கேட்டது.

"நீ ஞாயித்துக்கெழம கானோரத்துல நாணல் வெட்டினியா?"

"ஆமாம்மா."

"அங்க கட்டியிருந்த சாக்குத் துண்ட நீயா எடுத்த?"

"கட்டுறதுக்கு எடுத்தேன். ஏன்மா?"

 அம்மா, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"அது மருந்தடிச்ச எடம்டி. சனிக்கெழமதான் அடிச்சாங்க. புல்லு அறுக்க யாரும் போகக்கூடாதுன்னு கட்டுறது அது. சித்தி தெரியாம அங்க போயி அறுத்து மாட்டுக்குப் போட்டுருச்சு. மாடு காலையிலருந்து படுத்துக் கெடக்கு, தண்ணிகூடக் குடிக்கல."

களை சாக அடிக்கும் மருந்து. புல்லைக் கொல்வது. நான் போனை வைத்தேனா அவர் வைத்தாரா என்று நினைவில்லை. மேசையில் நாணல் நின்ற கண்ணாடி ஜாடி பாதி காலியாக இருந்தது. காலையில் நானே நிறைத்தது. நாக்கு நுனி மரத்ததுபோல் இருந்தது. அது உண்மையா பயமா என்று பார்க்க நாக்கைக் கடித்தேன். வலித்தது. வலித்தும் நம்பிக்கை வரவில்லை.

அப்போது நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். முதலாளியிடம் போகவில்லை. ஜாடியில் இருந்ததையும் பெட்டியில் இருந்ததையும் அள்ளிக் குப்பைப்பையில் கட்டினேன். பரிமாறும் தம்பிகளிடம், இந்த முறை நாணல் சரியில்லை, கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். குரல் சாதாரணமாகவே வந்தது. குடித்தவர்கள் குடித்துவிட்டார்கள், போனவர்கள் போய்விட்டார்கள், யாருக்கும் எதுவும் ஆகாது, யாருக்கும் தெரியவும் வேண்டாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் என்று எழுதுகிறேன். அதைவிடக் கூடவும் இருக்கலாம்.

பிறகு டீச்சரின் மகள் நினைவுக்கு வந்தாள்.

டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். பெரஹராவுக்குப் பள்ளி விடுமுறை. அன்று பகல், பெரஹராவுக்காக ரோடு மூடுமுன் கடைகளுக்குப் போய்வர மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்திருந்தார். பிள்ளைக்கு நான்கு வயது இருக்கும். எப்போதும் தேசிக்காய் ஜூஸ்தான். அன்றைக்கு ஜூஸ் முடிந்த பிறகும் அவள் நாணலை விடவில்லை. கரும்புத் துண்டு மாதிரி கடைவாயில் வைத்து மென்றாள். நான்தான் சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அதையும் மென்றுகொண்டே படியிறங்கிப் போனாள்.

அந்த டீச்சர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். டீச்சரின் கணவரும் அவரும் ஒரே பள்ளிவாசல். ஆகவே கீழே இறங்கினேன். பன்னிரண்டு படி. பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வேலை போகும், கீழே போனால் எல்லோரும் என்னைத் தோட்டத்துப் பிள்ளை என்பார்கள், அம்மா வெட்டிய நாணலை இனி எவரும் தொடமாட்டார்கள். இவ்வளவும் அந்தப் படியில் நினைத்தேன்.

முதலாளி லுஹர் தொழுதுவிட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிச்சம் ஈந்த நாணல் எங்க?"

"குப்பையில போட்டுட்டேன் முதலாளி."

"அப்ப குப்பையில போட்டுட்டுத்தான் எனக்கிட்ட வந்தீங்க."

நான் தலைகுனிந்தேன். அவர் அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. அவித்தது எந்தச் சட்டியில் என்று கேட்டார். சோறு ஆக்கும் சட்டியா என்று கேட்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. அடுப்பில் வைத்தது சமையற்காரர்; எனக்குத் தெரியவில்லை. குசினிக்கு ஓடிப்போய்க் கேட்டேன். சமையற்காரர், துணி அவிக்கும் பழைய சட்டி என்றார். அந்த ஒன்றாவது தப்பியது. முதலாளி டீச்சர் வீட்டுக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தார். அதற்கும் யாரும் பேசவில்லை.

"மஹய்யாவ பள்ளிவாசலுக்கு மேல ரெண்டாவது ஒழுங்கை. பச்சைக் கேட். ரோடு மூடியாச்சு, த்ரீவீல் வராது. நடங்க. நான் போன் எடுத்துக்கிட்டே ஈக்கிறேன்."

குப்பைப்பையை அவிழ்த்து ஐந்தாறு நாணலை எடுத்துத் தாளில் சுற்றிக்கொண்டேன். டொக்டர் கேட்டால் காட்ட வேண்டும் என்று முதலாளிதான் சொன்னார். தெருவில் இரண்டு பக்கமும் மக்கள் பாய் விரித்து பெரஹராவுக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடலை, ஐஸ்கிரீம், பலூன். நான் அவர்கள் காலை மிதித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினேன். கையில் ஜூஸ் கிளாஸோடு யாரைக் கண்டாலும் எங்கள் கடையில் வாங்கியதா என்று பார்த்தேன். அன்று பகல் மேல்மாடியில் குடித்தவர்களில் டீச்சரைத் தவிர ஒருவரையும் எனக்குத் தெரியாது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், குருநாகலிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு குடும்பம், கர்ப்பமாக இருந்த ஒரு பெண். அந்தக் கூட்டத்துக்குள் அவர்கள் எங்கோ இருந்தார்கள்.

நானும் மஹய்யாவயில்தான் அறை எடுத்து இருக்கிறேன். இரண்டு வருஷமாக ஏறி இறங்கும் மேடு. அன்றைக்கு அது முடியவே இல்லை.

பச்சைக் கேட்டைத் தட்டினேன். டீச்சர் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். போன் சார்ஜில் கிடந்ததாம், மகள் தூங்குவதால் சத்தத்தைக் குறைத்து வைத்தாராம். என்னைப் பார்த்ததும், தான் கடையில் எதையாவது மறந்துவிட்டு வந்தாரா என்று கேட்டுச் சிரித்தார்.

"மகள் எங்க டீச்சர்?"

"வந்ததுல இருந்து தூங்குறா. சோறும் வேணாம்னுட்டா. வெயில்ல நடந்த களைப்பு. ஏன்?"

நான் செருப்போடு உள்ளே போய்விட்டேன். பிள்ளை கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் எச்சில் வடிந்திருந்தது. பெயர் தெரியாமல் மகள், மகள் என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கண் திறக்கவில்லை. என் பின்னால் டீச்சர் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.  இரண்டாம் முறை உலுக்கியபோது பிள்ளை கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல் எதுவும் எனக்கு இனிமையாகக் கேட்டதில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மகளைத் தூக்கி விரலை வாய்க்குள் விட்டு ஈறையும் நாக்கையும் பார்த்தார். பிள்ளை மறுபடி அழுதாள். பின் வழியாக ஒரு த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் டீச்சர் மகளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார்.

"அந்த போர்ட் நீங்க எழுதினதா?"

"ஓம் டீச்சர்."

"இன்டைக்கும் மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன்."

டொக்டர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து என்பது. பேர் தெரியாமல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் மலையிலிருந்து மருந்து ஸ்டோருக்கு ஓடினார். போனை அவர் நிறுத்தவில்லை. அவர் மூச்சு வாங்குவதும், செருப்பு கல்லில் தட்டுவதும், கங்காணியைக் கெஞ்சுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கங்காணி தன் போனில் கேனைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். லேபலில் கறை படிந்து பாதி எழுத்து அழிந்திருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பேரையும் கீழே இருந்த சின்ன எழுத்தையும் டொக்டருக்கு வாசித்தேன். அவர் நாணலை வாங்கி முகர்ந்தார். எப்போது அடித்தது, இடையில் மழை பெய்ததா, எவ்வளவு நேரம் அவித்தீர்கள் என்று கேட்டார். பிள்ளையின் வாயை லைட் அடித்துப் பார்த்தார். என்னையும் வாயைத் திறக்கச் சொன்னார்.

இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றார். அவித்துத் தண்ணீரைக் கொட்டியிருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் இரண்டு நாள் கவனமாகப் பாருங்கள் என்றார். வாந்தி எடுத்தால், வாயில் புண் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தை நான் அன்றிலிருந்து எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே ஈக்காது," என்றார். குரலில் நன்றி இல்லை. எதையோ எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியவர் குரல் அது.

அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. மணிக்கொரு தடவை முதலாளி டீச்சர் வீட்டுக்கு எடுத்துக் கேட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். நான் படிக்கு நேரே மாட்டியிருந்த அறிவித்தலைக் கழற்றினேன். அந்த ஆணியிலேயே வேறொன்று மாட்டச் சொன்னார் அவர். புதன் பகல் இங்கே நாணலில் குடித்த யாருக்காவது சுகமில்லாமல் இருந்தால் சொல்லுங்கள் என்று. அவருடைய மகன் எதிர்த்துப் பேசினார், கடைப் பேர் போய்விடும் என்றார். அவர் கேட்கவில்லை. அதையும் நான்தான் மூன்று மொழியில் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. யாரும் வரவில்லை. அது நல்ல செய்திதான் என்று முதலாளி சொல்கிறார். கர்ப்பமாக இருந்த அந்தப் பெண் எந்த ஊர் என்று எனக்கு இன்னும் தெரியாது.

வெள்ளி பின்னேரம் டீச்சரின் மகள் முற்றத்தில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள் என்ற செய்தி வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. அடுத்த நாள் நான் தோட்டத்துக்குப் போனேன்.

சித்தியின் மாடு எழுந்து நின்றது. விலா எலும்பு தெரிய நின்றது. கன்றைத் தூரக் கட்டியிருந்தார்கள். சித்தி பாலைக் கறந்து நிலத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குப் பாலை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியை நிமிர்த்தாமலே பேசினார்.

"வாங்க தொரசாணி. கட்டுனத அவுக்கத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

  பையிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அம்மா காம்பராவிலிருந்து ஒரு உரச்சாக்கையும் கத்தியையும் கொண்டுவந்தார். கிழி என்றார். கிழித்தேன். என்னை முன்னால் நடக்கவிட்டு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் என்னை அங்கே கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை. மருந்தடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் கானுக்கு மறுபக்கம் நின்று பார்த்தார்கள். இந்தத் துண்டு எதற்கென்று எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லித்தரவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"உனக்கு எதுக்குச் சொல்லணும்? நீ இந்தப் பக்கம் வரப்போறவளா?"

கேள்வியாகவே கேட்டார்.  முதல் குச்சியில் கட்டினேன். அம்மா முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"இறுக்கிக் கட்டு. இன்னொரு படிச்சவ வந்து அவுத்துறப் போறா."

மருந்தடிக்கிறவர்களில் ஒருவர் சிரித்தார். இடுப்புயரத்தில் கட்டினால் தேயிலை மறைத்துவிடும், நெஞ்சுயரத்தில் கட்டு தங்கச்சி என்றார். அவிழ்த்து உயர்த்திக் கட்டினேன். கானோரத்தில் வெட்டுப்பட்ட நாணலின் அடிக்கட்டைகள் காய்ந்து மஞ்சளாக நின்றன. அவற்றில் கால் படாமல் நடந்தேன். வழியில் ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கொழுந்து எடுக்க ஆளுக்கொரு வரிசை பிரித்த அடையாளம் என்றார் அம்மா. மரத்தில் அடித்திருந்த ஆணி, சுற்றியிருந்த கம்பி, எல்லாவற்றையும் நின்று நின்று கேட்டேன்.

எங்கள் கடையில் இப்போது எந்த ஸ்ட்ரோவும் இல்லை. ஃபலூடாவுக்கு நீளக் கரண்டி முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஜூஸைக் கிளாஸில் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். கேட்பவர்களுக்கு இல்லை என்று மட்டும் சொல்வேன். காரணம் எழுதி எங்கும் மாட்டவில்லை.

சில மாதம் கழித்து டீச்சர் மகளோடு படியேறி வந்தார். அதே மேசையில் உட்கார்ந்தார். தனக்கு ஒரு தேத்தண்ணீர் சொன்னார். பிள்ளைக்கு என்ன என்று நான் கேட்டபோது, ஒன்றும் வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மூடியில் பிங்க் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரோ நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனி முழுக்கப் பல் பட்டு நசுங்கியிருந்தது. பிள்ளை அதைக் கடைவாயில் வைத்து மென்றபடி என்னைப் பார்த்தாள். தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதை, போத்தலைக் கீழே வைக்கும்வரை, நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.